முடிவைச் சொல்லாமல் கேளுங்கள்: தேர்ந்த ஆட்டக்காரரிடம் போக்கர் கற்பது எப்படி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ரம்மி தெரியாத குடும்பம் குறைவு. கல்யாண மண்டபத்தில் முதல் நாள் ராத்திரி நாலு பேர் உட்கார்ந்துவிட்டால் போதும், எங்கிருந்தோ ஒரு சீட்டுக்கட்டு வந்துவிடும். போக்கர் அப்படி வரவில்லை. ஓசூரில் வேலை பார்க்கிற பையன்கள், பெங்களூருக்குப் போய்வருகிறவர்கள், கல்லூரி விடுதியில் இருப்பவர்கள் வழியாகப் போனில் வந்தது. சொல்லித்தர வீட்டில் மாமாவோ சித்தப்பாவோ இல்லை. அதனால் நன்றாக ஆடும் யாரையாவது பிடித்துக் கற்றுக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் தோன்றுகிறது. சரியான எண்ணம்தான். ஆனால் அவரிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் சட்டம். இதைத் தெளிவாகச் சொல்லாமல் மேலே போவது நியாயமில்லை. போக்கர் திறன் ஆட்டமா, சூதாட்டமா என்ற வழக்கு நம் மாநிலத்தில் பல வருடம் நடந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த தடைச் சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அப்புறம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் அந்த வித்தியாசத்தையே பார்க்கவில்லை. திறனோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டத்தை நடத்துவதும் விளம்பரப்படுத்துவதும் அதற்குப் பணப் பரிமாற்றம் செய்துகொடுப்பதும் குற்றம். ஆகவே இங்கே நான் பேசுவது காசில்லாத ஆட்டம் மட்டும்: இலவச சிப்ஸ் (பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகள்), நண்பர்களோடு தனி மேசை. டெலிகிராமில் ஒரு செயலியை அனுப்பி 'இது வெளிநாட்டு சைட், பயமில்லை' என்று சொல்பவரை நம்பாதீர்கள். போட்ட பணம் திரும்பாவிட்டால் கேட்கக்கூட உங்களுக்கு இடம் இருக்காது. இந்த ஆட்டங்களில் கடன்பட்டு உடைந்த குடும்பங்கள் நம் மாவட்டங்களிலும் உண்டு. போக்கர் என்ற அழகான கணக்கை அந்தப் பக்கம் போகாமலேயே முழுசாகக் கற்கலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சரி, ஆட்டம். பரவலாக ஆடப்படுவது டெக்ஸாஸ் ஹோல்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறப்பார்கள்: முதலில் மூன்று (ஃப்ளாப்), அப்புறம் ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). உங்கள் இரண்டும் பொதுவான ஐந்தும் சேர்ந்த ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. சீட்டு கொடுத்ததும் ஒரு சுற்று, பிறகு ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு சுற்று சிப்ஸ் போடலாம். எதிராளி போட்டதற்கு ஈடு கொடுப்பது கால், ஏற்றுவது ரைஸ், கவிழ்த்துவிட்டு விலகுவது ஃபோல்ட். சீட்டு வருவதற்கு முன்பே இரண்டு பேர் கட்டாயமாகப் போடுவது பிளைண்ட். ஒவ்வொரு திறப்புக்குப் பிறகும் கடைசியாகப் பேசும் வாய்ப்புள்ள இடம் பட்டன். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பதால் அதுதான் மேசையிலேயே நல்ல இடம். ஜோடி, மூன்று ஒரே எண், வரிசை, ஒரே இன ஐந்து என்று எது எதை வெல்லும் என்பதை ஒரு மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். புதிதாக ஆடுகிறவர் தேர்ந்தவரிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'அண்ணா, ஏஸ் ஜோடி வச்சிருந்தேன், எல்லாத்தையும் போட்டேன், அவன் ராஜா ஜோடி வச்சு ஜெயிச்சுட்டான். என்ன பண்ணியிருக்கணும்?' இதில் கேள்வியே இல்லை. ஃப்ளாப்புக்கு முன்னால் ஏஸ் ஜோடியும் ராஜா ஜோடியும் மோதினால் ஏஸ் ஏறக்குறைய 82 விழுக்காடு ஜெயிக்கும். மீதி 18 விழுக்காடு தோற்கும். ஐந்தாறு தடவைக்கு ஒரு தடவை நடக்கிற விஷயம் அன்றைக்கு நடந்தது, அவ்வளவுதான். 'ஒண்ணும் பண்ணியிருக்க வேண்டாம் தம்பி' என்பார் அண்ணன். தம்பி ஆறுதல் அடைவார், எதுவும் கற்றிருக்க மாட்டார்.

அதைவிட ஆபத்தானது எதிர்ப்பக்கம். தப்பாக ஆடி ஜெயித்த கையைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. ஜெயித்துவிட்டோமே, அப்புறம் என்ன கேள்வி? அந்தத் தப்பு அப்படியே பழக்கமாகிவிடும்.

போக்கரில் ஒரு முடிவு சரியா தப்பா என்பதும், அந்தக் கையில் ஜெயித்தோமா தோற்றோமா என்பதும் வேறு வேறு. இதுதான் கற்க வேண்டிய முதல் கருத்து; மற்றதெல்லாம் இதன்மேல் நிற்பவை. கிருஷ்ணகிரியில் மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு எடுக்கும் வியாபாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். மரத்தின் வயது, பூவின் அடர்த்தி, போன வருட காய்ப்பு, மாங்கூழ் ஆலைகள் தோத்தாபுரிக்குத் தரக்கூடிய விலை எல்லாம் பார்த்துத்தான் தொகை பேசுகிறார். பிறகு ஒரு சூறைக்காற்று பிஞ்சை உதிர்த்துவிட்டால் நட்டம்தான். அதற்காக அவர் போட்ட கணக்கு தப்பு என்று பழம் தின்று கொட்டை போட்ட இன்னொரு வியாபாரி சொல்லமாட்டார். 'என்ன பார்த்து இந்தத் தொகை பேசினே?' என்றுதான் கேட்பார். தேர்ந்த போக்கர் ஆட்டக்காரரும் அதையேதான் கேட்பார்.

ஆகவே ஒரு கையைக் கேட்கும்போது முடிவைச் சொல்லாதீர்கள். எதிராளி கடைசியில் காட்டிய சீட்டையும் சொல்லாதீர்கள். நீங்கள் குழம்பிய இடம் வரைக்கும் மட்டும் சொல்லி நிறுத்துங்கள். முடிவு தெரிந்துவிட்டால் எவ்வளவு பெரிய ஆட்டக்காரரின் மனமும் அந்தப் பக்கம் சாயும்; 'அவன்கிட்ட ராஜா ஜோடி இருந்ததா, அப்போ கவிழ்த்திருக்கணும்' என்று சொல்லத் தோன்றும். அந்தப் பதிலால் உங்களுக்குப் பயனில்லை, ஏனென்றால் அடுத்த தடவை எதிராளியின் சீட்டு உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்று ஒரு முழு உதாரணம் பார்ப்போம். தருமபுரியில் இருக்கும் ஒரு தம்பி ஓசூர் அண்ணனுக்கு இப்படி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

'அண்ணா, ஆறு பேர் மேசை. ஆளுக்கு 2,000 சிப்ஸ். பிளைண்ட் 10, 20. முதலில் பேசும் இடத்தில் இருந்தவர் 60-க்கு ஏற்றினார். நடுவில் எல்லாரும் கவிழ்த்துட்டாங்க. நான் பட்டனில், ஸ்பேடு 9, ஸ்பேடு 8. கால் செய்தேன். பிளைண்ட் ரெண்டு பேரும் விலகிட்டாங்க. நடுவில் சேர்ந்த சிப்ஸ் 150. ஃப்ளாப்: ஸ்பேடு ராஜா, ஸ்பேடு 4, ஆட்டின் 2. அவர் 100 போட்டார், நான் கால். நடுவில் 350. டர்ன்: டைமன் ஜாக்கி. அவர் 300 போட்டார். அவர் அதிகம் கவிழ்க்கிற ஆள். சரக்கு இல்லாமல் முதல் இடத்திலிருந்து ஏற்றி நான் பார்த்ததில்லை. இங்கே நான் யோசிச்சது: இன்னொரு ஸ்பேடு வந்தால் ஒரே இன ஐந்து ஆகிடும், அதுக்கு 35 விழுக்காடு வாய்ப்பு, அதனால் கால் செய்யலாம். இந்த யோசனை சரியா?'

இதில் எல்லாம் இருக்கிறது: இடம், சிப்ஸ் அளவு, ஒவ்வொரு சுற்றிலும் நடுவில் இருந்தது, எதிராளி எப்படிப்பட்டவர், எல்லாவற்றுக்கும் மேலாகத் தம்பி என்ன யோசித்தார் என்பது. அந்தக் கடைசி வரிதான் தங்கம். அதில்தான் தப்பு ஒளிந்திருக்கிறது, அதை வெளியே வைத்தால்தான் அண்ணனால் திருத்த முடியும்.

அண்ணன் கணக்கை எப்படிப் பிரிப்பார் என்று பாருங்கள். ஸ்பேடு மொத்தம் 13. தம்பி கையில் இரண்டு, நடுவில் இரண்டு, மீதி 9. ஃப்ளாப் முடிந்த நிலையில் பார்க்காத சீட்டு 47. டர்ன், ரிவர் இரண்டும் சேர்த்து ஒரு ஸ்பேடாவது வர 35 விழுக்காடு வாய்ப்பு. தம்பி சொன்ன எண் அதுதான், ஆனால் அது ஃப்ளாப்பில் செல்லும் எண். டர்ன் திறந்தாகிவிட்டது. இப்போது பார்க்காதது 46, வரப்போவது ஒரே சீட்டு. 46-ல் 9 என்றால் 20 விழுக்காட்டுக்கும் கொஞ்சம் குறைவு. மேசையில் உட்கார்ந்து வகுத்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் ஆட்டக்காரர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள்: ஒரு சீட்டு வர இருந்தால் உதவும் சீட்டுகளின் எண்ணிக்கையை 2-ஆல் பெருக்கு, இரண்டு வர இருந்தால் 4-ஆல் பெருக்கு. 9-ஐ 2-ஆல் பெருக்க 18, 4-ஆல் பெருக்க 36. துல்லியம் இல்லை, ஆனால் போதும்.

அடுத்தது விலை. நடுவில் 350 இருந்தது, எதிராளி 300 போட்டார், ஆக 650. அதை ஜெயிக்கத் தம்பி 300 போட வேண்டும். போட்ட பிறகு மொத்தம் 950. 950-ல் 300 என்பது கிட்டத்தட்ட 32 விழுக்காடு. அதாவது நூறு தடவைக்கு 32 தடவை ஜெயித்தால்தான் இந்தக் கால் நட்டமில்லாமல் இருக்கும். கையில் இருப்பதோ 20. இந்த ஒப்பீட்டைப் பாட் ஆட்ஸ் என்பார்கள். இதைப் புரிந்துகொண்டவர் புதியவர் என்ற நிலையைத் தாண்டிவிட்டார் என்றே சொல்வேன்.

ஆனால் அண்ணன் இத்தோடு 'கவிழ்த்துடு' என்று முடிக்கமாட்டார். இன்னொரு கேள்வி இருக்கிறது. ஸ்பேடு வந்துவிட்டால் ரிவரில் எதிராளியிடமிருந்து மேலும் சிப்ஸ் வாங்க முடியுமா? முடிந்தால் இன்றைய நட்டம் அப்போது ஈடாகும். எவ்வளவு வாங்க வேண்டும்? தோற்கும் 37 சீட்டுக்கும் 300 போகிறது. ஜெயிக்கும் 9 சீட்டில் அதை மீட்க வேண்டும். 300-ஐ 37-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் சுமார் 1,233. நடுவில் ஏற்கெனவே 650 இருக்கிறது. ஆக ஸ்பேடு வரும்போதெல்லாம் சராசரியாக இன்னும் 583 கிடைக்க வேண்டும். எதிராளியிடம் மீதம் 1,540 இருக்கிறது, ஆகவே இடம் உண்டு. தருவாரா?

இங்கேதான் தேர்ந்தவரின் மூளை வேலை செய்வதைப் பார்க்கலாம். புதியவர் எதிராளியிடம் ஒரு குறிப்பிட்ட கை இருப்பதாக நினைப்பார்: 'அவன்கிட்ட ராஜா மூணு இருக்கு.' தேர்ந்தவர் ஒரு கூட்டமாக நினைப்பார். ரேஞ்ச் என்பது அதுதான். இவ்வளவு கவனமாக ஆடுகிறவர் இந்த மூன்று சுற்றும் போட்டுக்கொண்டு வந்தால் என்னென்ன வைத்திருக்கலாம்? முக்கியமானவற்றை மட்டும் எண்ணுவோம். ராஜா ஜோடி: ஒரு ராஜா நடுவில் போய்விட்டதால் மீதி மூன்றில் இரண்டு, அதற்கு 3 வழிகள். ஜாக்கி ஜோடிக்கும் அதேபோல் 3. ஏஸ் ஜோடி 6 வழி. ஏஸ்-ராஜா, நாலு ஏஸும் மூன்று ராஜாவும், 12 வழி. மொத்தம் 24. இதில் 18 வழிகளில் அவரிடம் இருப்பது ஒரு ஜோடி மட்டும். மூன்றாவது ஸ்பேடு விழுந்ததும் அதிகம் கவிழ்க்கும் ஆள் அந்த ஜோடியை வைத்துக்கொண்டு பெரிய தொகை தரமாட்டார். மீதி 6 வழிகளில் மூன்று ராஜாவோ மூன்று ஜாக்கியோ இருக்கிறது, அவர் தருவார். ஆனால் அந்த இடத்தில் ஒரு கண்ணி உண்டு. வரும் ஸ்பேடு 2 ஆகவோ ஜாக்கியாகவோ இருந்தால் நடுவில் ஜோடி விழுந்து அவர் கை ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒரே எண்ணும் ஒரு ஜோடியும்) ஆகிவிடலாம், தம்பியின் ஒரே இன ஐந்து தோற்கும். ஆகவே பணம் தரக்கூடிய கைகளுக்கு எதிராக 9 சீட்டும் முழுசாக நமக்கு உதவுவதில்லை. இன்னொன்று, தம்பி கையில் இருக்கும் பெரிய ஸ்பேடே 9 தான்; அவரிடமே பெரிய ஸ்பேடு இரண்டு இருந்தால் வந்தும் தோற்போம்.

கவிழ்ப்பதுதான் சரி. ரிவரில் ஸ்பேடு 6 வந்து தம்பி ஜெயித்திருந்தாலும் இதே பதில்தான்.

ஃப்ளாப்பில் செய்த கால் எப்படி? அதே கணக்கைப் போட்டால் அங்கே ஸ்பேடு வரும்போது கூடுதலாகச் சராசரி 172 கிடைத்தால் போதும் என்று வரும். அது நடக்கக்கூடியது, ஆகவே அந்தக் கால் பரவாயில்லை. ஃப்ளாப்புக்கு முன் 9-8 வைத்துக் கால் செய்தது? பட்டனில் இருந்ததாலும் சிப்ஸ் ஆழமாக இருந்ததாலும் ஆடலாம், ஆனால் இப்படிப்பட்ட கவனமான ஆளுக்கு எதிராகப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம் என்பார். ஒரே கையில் மூன்று முடிவுகள், மூன்றுக்கும் தனித்தனித் தீர்ப்பு. வாரத்துக்கு இப்படி ஒரு கையை ஒழுங்காகப் பிரித்தால் நூறு கை வேகமாக ஆடுவதைவிட அதிகம் கற்கலாம் என்று உறுதியாக நம்புகிறேன்.

இதற்கெல்லாம் கை விவரம் நினைவிருக்க வேண்டுமே என்றால், போனில் ஆடுவதில் பெரிய வசதி அதுதான். பல செயலிகள் ஆடிய கைகளைச் சேமித்து வைக்கின்றன. சேமிக்காத செயலியில் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துச் சீட்டாட்டக்காரர்கள் நினைவிலிருந்துதான் பேச வேண்டியிருந்தது. தோற்ற கை மட்டும்தான் நன்றாக நினைவிருக்கும்.

ஒரு எல்லைக்கோடு முக்கியம். கேட்பதெல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு. ஆடிக்கொண்டிருக்கும்போதே வாட்ஸ்அப்பில் 'அண்ணா, கால் பண்ணவா?' என்று கேட்பது ஏமாற்று. ஒரு கையை ஒருவர்தான் ஆட வேண்டும் என்பது போக்கரின் பழைய விதி. குருவும் சீடனும் ஒரே மேசையில் உட்கார்ந்து சீட்டைப் பரிமாறிக்கொள்வது அதைவிட மோசம். மேசையில் இருக்கும் மற்றவர்களுக்குச் செய்யும் துரோகம். காசில்லாத ஆட்டம்தானே என்று விட்டுவிடாதீர்கள். அடுத்தவர் சொல்லி எடுத்த முடிவிலிருந்து நீங்கள் எதையும் கற்கவும் மாட்டீர்கள்.

யாரிடம் கேட்பது? ஒரு ராத்திரி நிறைய ஜெயித்தவரிடம் வேண்டாம். யார் நிறையக் கவிழ்க்கிறார், யார் தான் தோற்ற கையையும் அமைதியாகப் பேசுகிறார், யார் ஒரு கேள்விக்கு 'எதிராளி எப்படிப்பட்டவர்?' என்று திருப்பிக் கேட்கிறார் என்று பாருங்கள். அவர்தான் ஆள். ஜெயித்த படங்களை மட்டும் போட்டுக்கொண்டு, கட்டணம் கட்டினால் ரகசியம் சொல்கிறேன் என்பவர் உங்களுக்கு வேண்டாம். அப்படி ஒரு ரகசியம் போக்கரில் கிடையாது.

நேரில் ஆள் கிடைக்காவிட்டால் காணொளிகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலம், இந்தி. பரவாயில்லை, எண்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதான். பார்க்கும் முறை மட்டும் மாற வேண்டும். ஆட்டக்காரர் முடிவெடுக்கும் நொடிக்கு முன் நிறுத்துங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், ஏன் என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். பிறகு ஓடவிடுங்கள். நீங்கள் எழுதியதும் அவர் சொன்னதும் எங்கே பிரிகிறதோ அங்கேதான் பாடம். பிரபலமான பெரிய ப்ளஃப் (சரக்கில்லாமல் மிரட்டிப் போடுவது) காட்சிகளை மட்டும் பார்த்து அப்படியே ஆடாதீர்கள். அந்த ஒரு கைக்கு முன்னால் அவர் மணிக்கணக்கில் கவிழ்த்துக்கொண்டிருந்தது படத்தில் வருவதில்லை.

இலவச சிப்ஸில் ஒரு நிஜமான குறை உண்டு. போனால் திரும்பக் கிடைக்கும் என்பதால் முன்பின் தெரியாதவர்கள் எதை வைத்தும் எல்லாவற்றையும் போடுவார்கள். அங்கே ரேஞ்ச் எண்ணிப் பயனில்லை. அதனால் தெரிந்த ஐந்தாறு பேர் சேர்ந்து தனி மேசை போடுங்கள். ஒரு மாலைக்கு ஆளுக்கு ஒரே தொகை சிப்ஸ், தீர்ந்தால் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான் என்று வைத்துக்கொண்டால் எல்லோரும் தானாகக் கவனமாக ஆடுவார்கள். சில செயலிகள் இலவசம் என்று சொல்லிவிட்டுத் தீர்ந்ததும் சிப்ஸை விலைக்கு விற்கும், வாங்காதீர்கள். நெட் இல்லாத நாளில் வீட்டிலேயே ஆடலாம். நம் ஊரில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமா? ஆளுக்கு நூறு எண்ணிக் கொடுத்தால் அருமையான சிப்ஸ். வீட்டுப் பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல்லாங்குழியில் கொட்டையைக் குழிகுழியாக மனதிலேயே ஓட்டிப் பார்க்கிற அம்மாக்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடும்.

கொஞ்சம் தேறிய பிறகு கணினி வரும். 2017-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற நிரல், இருவர் ஆடும் போக்கரில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை ஆளுக்கொருவராக எதிர்கொண்டு 1,20,000 கைகள் ஆடி வென்றது. 2019-ல் புளூரிபஸ் ஆறு பேர் மேசையிலும் தேர்ந்தவர்களை வென்றது. இன்று தொழில்முறை ஆட்டக்காரர்கள் தங்கள் முடிவுகளைச் சரிபார்ப்பது இதே வகைக் கணக்கு நிரல்களை வைத்துத்தான். ஆனால் தொடக்கத்தில் அதன் பக்கம் போகவேண்டாம் என்பேன். நிரல் 'கவிழ்' என்று சொல்லும், ஏன் என்று தம்பிக்குப் புரியும்படி சொல்லாது. உங்கள் மேசையில் இருப்பவர் அதிகம் கவிழ்க்கிற ஆள் என்பதும் அதற்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும். இலவசமாகக் கிடைக்கும் வாய்ப்புக் கணிப்பான் போதும்: இரண்டு கைகளையும் நடுச்சீட்டையும் கொடுத்தால் யாருக்கு எத்தனை விழுக்காடு என்று காட்டும். அண்ணன் சொன்ன எண்ணை அதில் போட்டுப் பாருங்கள். அவர் தப்பாக இருந்தால் மரியாதையோடு அவரிடமே திரும்பப் போங்கள். 'அண்ணா, நீங்க சொன்னது இப்படி, கணக்கு இப்படி வருது, எங்கே விட்டேன்?' என்று கேளுங்கள். நல்ல ஆட்டக்காரர் என்றால் அந்தக் கேள்விக்காக இன்னொரு அரை மணி நேரம் உங்களோடு உட்காருவார்.